திமிலில்லாத மாட்டுப் படம்

வா கண்ணு, உக்காரு. திண்ணையில தூசியெல்லாம் ஒண்ணும் ஒட்டாது. ஒட்டுனாலும் உன்ற ஜீன்சுல முட்டிக்கு முட்டி ஓட்டை இருக்குது, வந்த வழியே போயிரும். தாடையை ஏன் புடிச்சிட்டிருக்கற? பல்லுவலியா? ஓ, நேத்து ராத்திரி மாட்டுக்கறி சமைச்சியா. அப்ப அது பல்லுவலி இல்ல, படிப்புவலி.

கையில என்ன கவரு? மிச்சக் கறியா? கொண்டா. அம்மிணி, இதை வாங்கி நம்ம கறியோட சேத்துக் குக்கர்ல போட்டுரு. தம்பி இன்னைக்கு இங்கதான் சாப்புடறாப்ல. மஞ்சளு, உப்பு, இஞ்சி, பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம். வேற ஒண்ணும் வேண்டாம். பதினோரு விசிலுக்கு முந்தி அடுப்புப் பக்கம் யாரும் போவக்கூடாது.

இப்ப அந்தப் படத்தை இன்னொருக்கா காட்டு. ஆகா. மாடு ஒண்ணு பக்கவாட்டுல நிக்குது, அது மேல கோடு கோடா இழுத்து வெச்சிருக்கறான். சத்தி ரோட்டு ஓரத்துல சைட்டு பிரிச்சவங்க எல்லாம் இவங்கிட்டத்தான் பாடம் படிச்சிருப்பாங்களாட்ட இருக்குது. எட்டு சைட்டு. சக்கு, ரிப்பு, லாயினு, ரவுண்டு, பிரிஸ்கெட்டு, ஷேங்க்கு, பிளேட்டு, ஃப்ளேங்க்கு. இதுல கார்னர் சைட்டு எது? அதுதான வெல எச்சு? நீயும் அதைத்தான் கேட்டிருக்கற. "அண்ணா, ரிப் ஐ இருக்குதுங்களா?" அவரு உன்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "எலும்போடயா, எலும்பில்லாமயா?"ன்னு கேட்டிருப்பாரு. அந்தக் கடையில இருக்கற இலக்கணம் அவ்வளவுதான் கண்ணு.

கோட்டை உடு. இந்த மாட்டுல ஒரு குறை இருக்குது, கண்டுபுடி பாக்கலாம். நாலு காலு இருக்குது, வாலு இருக்குது, காது ரெண்டும் இருக்குது. தெரியலியா? உன்ற காரு பின்னாடிக் கண்ணாடியில காங்கயம் காளையை ஒட்டி வெச்சிருக்கறயே, எறங்கிப் போயி அதைப் பாத்துட்டு வந்து இதைப் பாரு. திமிலு எங்க?

திமிலில்லாத மாடு சீமை மாடு. நம்ம நாட்டு மாட்டுக்குக் கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவுல கோபுரமாட்ட நிக்குதே, அந்த இடத்துக்கு உன்ற படத்துல பேரே கிடையாது. பேரில்லாததைக் கேட்டு வாங்க முடியுமா? பிரேசிலுக்காரன் வாங்குவான். நம்ம பக்கத்து ஓங்கோல் மாட்டை அந்தக் காலத்துலயே கப்பல்ல ஏத்தீட்டுப் போயி, நெல்லூர்ங்கற ஊருப் பேரையே மாட்டுக்கு 'நெலோர்'னு வெச்சு, இன்னைக்கு அவங்கூருக் கறியில முக்கால்வாசி அந்த வம்சந்தான். அவன் திமிலை மட்டும் தனியா அறுத்து, கம்பியில கோத்து, மணிக்கணக்கா நெருப்புல வாட்டுவான். அதுக்குக் 'குப்பீம்'னு பேரு. அவங்க பாஷையில கறையான்னு அர்த்தமாமா. கறையான் புத்தாட்ட மேடா இருக்குதுன்னு வெச்ச பேரு. பாதி சதை, பாதி கொழுப்பு, நூலும் பஞ்சுமாப் பின்னிக் கெடக்கும். ஒரு துண்டு குழம்புல கெடந்தாப் போதும், எண்ணெயே ஊத்த வேண்டாம். நம்மூருலயும் இப்ப ஜெர்சிக் கலப்பு வந்து வந்து திமிலு தேஞ்சு போச்சு. நாட்டுக்காளைக் கறி வர்ற அன்னைக்குப் போனீன்னா, "திமிலு கொஞ்சம் போடுங்க பாய்"னு கேளு. அவரு உன்னை அதுக்கப்பறம் மரியாதையாப் பாப்பாரு.

அதா, ஒரு விசில்.

படத்துல இன்னொரு குறை இருக்குது, அது கண்ணுக்குத் தெரியாது. வயசு. அமெரிக்காவுல கறிக்குன்னே வளக்கற மாட்டை ஒன்றரை, ரெண்டு வயசுல அடிச்சுருவாங்க. கடைசி மாசமெல்லாம் ஒரே இடத்துல நின்னு மக்காச்சோளம் தின்னு தின்னு, ஏசி ரூம்புல உக்காந்து சம்பளம் வாங்கற ஆளாட்ட மெதுமெதுன்னு ஆயிருக்கும். கோவிச்சுக்காத, பொதுவாச் சொன்னன். நம்ம சர்க்காரு 1958ல ஒரு சட்டம் போட்டுது, விலங்குகள் பாதுகாப்புச் சட்டம்னு. எனக்கு அப்ப ஆறு வயசு. மாடோ எருமையோ பத்து வயசு தாண்டியிருக்கோணும். வேலைக்கும் ஆகாது, சினைக்கும் ஆகாதுன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கியிருக்கோணும். இல்லீன்னா அடிபட்டு, சீக்கு வந்து, ஒண்ணுக்கும் உதவாமப் போயிருக்கோணும். அப்பத்தான் கத்தி வெக்கலாம். 1976ல பசுவை அறுக்கவே கூடாதுன்னு தனியா ஒரு உத்தரவு வேற. ஆக, சட்டப்படி உன்ற சட்டிக்கு வர்ற எருதோ எருமையோ ரிட்டையர் ஆன ஆளு. பத்து வருசம் வண்டி இழுத்துச் சாட்டையடி வாங்குன ஒடம்பு. அதைப் போயி பக்கத்துக்கு மூணு நிமிசம் தோசைக்கல்லுல காட்டிப்போட்டு, 'மீடியம் ரேர்'னு வாயில வெச்சா, அது உன்னைக் கடிக்காம என்ன செய்யும்? அந்தச் சட்டத்துல குக்கர்ங்கற வார்த்தை ஒண்ணுதான் எழுதாம உட்டுட்டாங்க. மீதியெல்லாம் சமையல் குறிப்புதான்.

அதனால கறிக்கடைக்குப் போகையில பர்ஸைப் பாக்காத, கடிகாரத்தைப் பாரு. உனக்கு எத்தனை நேரம் இருக்குதுங்கறதை வெச்சு எந்த இடத்தை வாங்கறதுன்னு முடிவு பண்ணோணும். வெல எப்படியும் வெள்ளாட்டுக்கறியில பாதிதான்.

வேலை செஞ்ச இடம் கெட்டி, சும்மா கெடந்த இடம் மெத்து. முதுகெலும்புக்கு அடியில ஒட்டிக்கிட்டு நீளமா ஒரு சதை இருக்குது. அண்டர்கட்டும்பாங்க, வெள்ளைக்காரன் காலத்துப் பேரு. மாடு பத்து வருசம் நுகத்தடியில கெடந்து சாகையில, அது மட்டும் உள்ளயே நிழல்ல படுத்துக் கெடந்துது, உங்க டீம் லீடராட்ட. மெத்துன்னுதான் இருக்கும். ருசி? உங்க டீம் லீடரு எவ்வளவு ருசியோ அவ்வளவு. ஒல்லி ஒல்லியாச் சீவி, குடமொளகா போட்டு, அவசரத்துக்கு வறுத்துக்கலாம். கிழட்டு மாட்டுலயும் குக்கரில்லாமப் பல்லுக்கு எறங்கற சதை அது ஒண்ணுதான். உனக்கு ராத்திரி எட்டரை மணிக்கு மீட்டிங்கு இருந்துதுன்னா அதை வாங்கு.

கழுத்தும் முன்னங்காலு ஆடுசதையும் ஆளு மாதிரி வேலை செஞ்ச இடங்க. கழுத்து நுகத்தைத் தாங்குச்சு, காலு மாட்டையே தாங்குச்சு. அறுத்துப் பாத்தாச் சவ்வு சவ்வாத் தெரியும். உன்ற படத்துக்காரன் இதை ரெண்டாந்தரம்பான். என்ற பேத்தி உணவுத் தொழில்நுட்பம் படிக்கறா. அந்தச் சவ்வுக்குக் கொலாஜன்னு பேராமா. எழுவது டிகிரி சூட்டுக்கு மேல மணிக்கணக்கா வெச்சா அது உருகிக் கூழாகும், குக்கருக்குள்ள 120 டிகிரி வரைக்கும் ஏறறதனால சீக்கிரம் உருகும்னு சொன்னா. எங்கம்மா டிகிரி படிக்கல. "சவ்வு கரைஞ்சாத்தான் சாறு"ன்னு சொல்லி, ராத்திரி மண்சட்டியை அடுப்புல ஏத்தி, பருத்திமார்த் தீயைத் தணிச்சு வெச்சுட்டுத் தூங்கப் போயிருவா. டெல்லிப் பக்கம் நிஹாரின்னு ராத்திரி முச்சூடும் வேக வெச்சு வெடியால திங்கறாங்களே, அதுவும் இதே ஆடுசதைதான். எங்கம்மாவுக்கு நவாப்பு யாரும் பட்டம் குடுக்கல, அவ்வளவுதான்.

நெஞ்சுக்கறியில எலும்பு, கொழுப்பு, சதை மூணும் அடுக்கடுக்கா இருக்கும். குழம்புக்கு அதை மிஞ்சுன இடம் கிடையாது. கொத்தமல்லி, மொளகு, சீரகம், வரமொளகா, கசகசா, கொப்பரைத் தேங்கா, எல்லாத்தையும் வறுத்து அரைச்சு ஊத்தினா வளவு முச்சூடும் வாசம் போகும். தொடைக்கறி வேற ரகம். கொழுப்பே இருக்காது, நாரு நீளம். குழம்புல போட்டா விறகாட்ட மெதக்கும். அதைக் குக்கர்ல வேக வெச்சு எடுத்து, பள்ளிபாளையத்துல கோழிக்குச் செய்வாங்களே, அதே முறையில செய்யி. எண்ணெயில சின்ன வெங்காயம், வெதை உதுத்த வரமொளகா, தேங்காச் சில்லு, கருவேப்பிலை, அவ்வளவுதான். மசாலாப்பொடி போட்டு அதை நாசம் பண்ணாத. நாருக்குக் குறுக்கால வெட்டோணும், அதை மறந்துராத. நேத்து நீ நாரோட நீளத்துக்கு வெட்டியிருக்கற. அதைத் தின்னா வடத்தை மென்ன மாதிரித்தான் இருக்கும்.

தொடைக்கறியில இன்னொண்ணும் பண்ணலாம், உப்புக்கண்டம். வாரு வாராக் கீறி, உப்பும் மஞ்சளும் பூசி, கயித்துல கோத்து வெயில்ல கட்டுவோம். எங்க வளவுல கொடியில துணி காஞ்ச நாளைவிடக் கறி காஞ்ச நாளு எச்சு. துணி ஒண்ணுதான இருந்துது. கையில தடியோட காக்கா ஓட்டறதுதான் எனக்குக் கிடைச்ச மொத வேலை. சம்பளம் ஒரு வாரு, தணலுல சுட்டுக் குடுப்பா எங்கம்மா.

எருமையா மாடான்னு தெரியலீன்னா கொழுப்பைப் பாரு. எருமைக்கு வெள்ளை வெளேர்னு இருக்கும், மாட்டுக்கு மஞ்சள் ஓடியிருக்கும். எருமைக்கறி நெறம் எச்சு, கொழுப்புக் கம்மி, இன்னும் ரெண்டு விசிலு சேத்துக் கேக்கும். பப்பாளிக்காயி ஒரு துண்டு அரைச்சுப் பூசலாம், தப்பில்ல. பூசிட்டு ஃபோனை நோண்டீட்டு மறந்துட்டீன்னா, கறி மாவாப் போயிரும், அப்பறம் கரண்டியில வழிச்சுக் குடிக்கோணும்.

மூணு. எண்ணிக்கிட்டியா? நீ எண்ணு, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

உன்ற படத்துல இல்லாத சங்கதிக்கு இப்ப வர்றன். இந்த மாட்டுக்கு வெளிப்பக்கம் மட்டுந்தான் இருக்குது, உள்ள ஒண்ணுமே இல்ல. ஈரலில்லாம, குடலில்லாம எப்படி உசுரோட நின்னுதுன்னு அந்தப் படம் போட்டவனைத்தான் கேக்கோணும்.

ஈரலு உன்னாட்ட அவசரக்காரனுக்குன்னே படைச்சது. மேல இருக்கற மெல்லிசுத் தோலை உரிச்சுப்போட்டுச் சின்னச் சின்னதா நறுக்கி, சட்டி நல்லாக் காஞ்சதுக்கு அப்பறம் போட்டு, அஞ்சாறு நிமிசத்துல எறக்கிரோணும். மொளகு தூக்கலா, உப்புக் கடைசியில. இன்னும் பத்து நிமிசம் வெச்சா ரப்பர் செருப்பு. கிழட்டு மாட்டு ஈரலு நெறம் கறுத்து, லேசாக் கசக்கும். அது புடிக்காதவன் கொஞ்ச நேரம் பால்ல ஊற வெக்கலாம். சுவரொட்டின்னு கேட்டிருக்கறயா? சத்தி ரோட்டுப் பாலத்துல தலைவருக சிரிச்சிட்டு நிப்பாங்களே, அது இல்ல. மண்ணீரலு. முச்சூடும் ரத்தந்தான். ரத்தசோகைக்கு நல்லதுன்னு புள்ளைப் பெத்தவளுக்குச் சுட்டுக் குடுப்பாங்க. ருசிக்குன்னு நான் அதைத் தின்னதில்ல.

நெஞ்சாங்குலை ஒரு நாளும் லீவு போடாத சதை. கொழுப்பில்லாம, கெட்டியா, தொடைக்கறிக்கும் ஈரலுக்கும் நடுவால ஒரு ருசி. ஒல்லியாச் சீவி வெரசா வறுக்கலாம், இல்ல ஒரு மணி நேரம் வேக வெக்கலாம். நடுவாந்தரமா அரைமணி வெச்சீன்னா ரெண்டுங்கெட்டானாயிரும். குண்டிக்காயின்னா சிரிக்கற. அது கிட்னிதான். ஆட்டுக்கு ஒரே கொட்டையா இருக்கும்; மாட்டுக்குத் திராட்சைக் கொலையாட்ட இருவது உருண்டை சேந்து நிக்கும். நடுவுல இருக்கற வெள்ளையை நோண்டி எடுத்து, உப்புத் தண்ணியில போட்டு வெக்காமச் சமைச்சா, பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்துல உக்காந்து சாப்புடற மாதிரி இருக்கும். நாக்கை முழுசா வேக வெச்சு, சூடாறதுக்கு முந்தி அந்தச் சொரசொரத் தோலை உரிச்சுரோணும். உள்ள வெண்ணெயாட்ட இருக்கும். பத்து வருசத்துல ஒருத்தரையும் ஒரு வார்த்தை தப்பாப் பேசாத நாக்கு, ருசியாத்தான இருக்கும். நுரையீரலை மட்டும் வாங்காத. தண்ணியில மெதக்கும், வேகையில நுரை கக்கும், வாயில வெச்சா ஸ்பாஞ்சு. சென்னைக்காரங்க ரசிச்சுத் திம்பாங்க. அவங்க எதையும் திம்பாங்க.

குடலு. இதுக்குத்தான் நான் நேரம் வெச்சிருந்தன்.

மாட்டுக்கு வயிறு நாலு. உனக்கு ஒண்ணு, அதுக்கே ஃபோன்ல மூணு ஆப்பு வெச்சிருக்கற. மொத வயிறு பெருசு, உள்ள குளிக்கற துண்டாட்டச் சொரசொரன்னு இருக்கும். ரெண்டாவது தேன்கூடு, அறை அறையா. மூணாவது புஸ்தகம், ஏடு ஏடாப் பொரட்டலாம். நாலாவது வழுவழுன்னு நம்ம வயித்தாட்ட. போட்டின்னு கேட்டா நாலையும் கலந்துதான் போடுவாங்க. உனக்குத் தெரிஞ்சா, தேன்கூடு எச்சாக் கேளு. குழம்பு அந்த அறைக்குள்ள போயி உக்காந்துக்கும், கடிச்சா வாய்க்குள்ள பொளக்குன்னு ஒடையும். புஸ்தகத்துக்கு நடுவுல மாடு தின்ன புல்லு ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஏடாப் பிரிச்சுக் கழுவோணும். நீ காலேஜ்ல எந்தப் புஸ்தகத்தையும் அப்படிப் பிரிச்சதில்ல, அதனால அதைக் கேக்காத.

கழுவறதுதான் குடலுச் சமையலு. மீதியெல்லாம் சூடு பண்றதுதான். கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிசம் முக்கி எடுத்து, சுண்ணாம்பு தேச்சு, தேங்காத் தொட்டியில சொரண்டுனா கருப்புத் தோலு கழண்டு வெள்ளையா வரும். கல்லுப்பு, மஞ்சளு போட்டு அலசு. அப்பறம் ஒரு கொதி வெச்சு அந்தத் தண்ணியைக் கீழ ஊத்து. அதுக்கப்பறந்தான் குக்கரு. கடலைப்பருப்பு ஒரு கை சேத்தாக் குழம்பு கெட்டியா நிக்கும். இதை உன்ற அபார்ட்மெண்டுல பண்ணீராத. மொதக் கொதியிலயே வாட்ஸாப் குரூப்புல "சி பிளாக்கில் ஏதோ லீக்கேஜ்"னு போட்டு, பிளம்பரைக் கூட்டீட்டு வந்துருவாங்க.

கழுவறதைப் பத்தி இத்தனை பேசறனே, எப்படித் தெரியும்னு நீ கேக்கல. உங்கூட்டுல சொல்லிக் குடுத்த மரியாதை. நானே சொல்றன். இப்ப உன்ற அபார்ட்மெண்டு நிக்குதே, அது உங்கப்பாரு காடு. சோளமும் பருத்தியும் வெளைஞ்ச பூமி. அதை சைட்டுக்காரனுக்குக் குடுத்துட்டு உங்கப்பன் பெருந்துறைக்குப் போனாப்ல, நீ ஐ.டி. கம்பெனிக்கு வந்து, அதே காட்டுல மூணாவது மாடியில வாடகை குடுத்து இருக்கற. சிரிக்காத, நானும் சிரிக்கல. அந்தக் காட்டுல எங்கப்பன் பண்ணையத்துல இருந்தாரு. எருது செத்துதுன்னா வளவுக்கு ஆளு வரும். "டேய், வந்து இழுத்துட்டுப் போங்கடா." போவோம். தோலை உரிச்சு, பதம் பண்ணி, எங்கப்பன் கவலைக்குப் பறி தெப்பாரு. செத்த எருது தோலுல கெணத்துத் தண்ணி மேல ஏறும், உசுரோட இருக்கற எருது கவுத்தைப் புடிச்சு இழுக்கும். அப்பறம் கரண்டு மோட்டாரு வந்துது. கவலை போச்சுன்னு ஊரே சிரிச்சுது. பறி தெச்சவனுக்குக் கவலை அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது.

கறியை ஓலைத் தடுக்குல கூறு போடுவோம். பதினெட்டு ஊடுன்னாப் பதினெட்டுக் கூறு. ஒவ்வொண்ணுலயும் தொடையில கொஞ்சம், விலாவுல கொஞ்சம், ஈரல்ல ரெண்டு துண்டு, குடல்ல ஒரு சாண், எலும்பு நாலு. கூறு போட்டவன் தன்ற கூறைக் கடைசியாத்தான் எடுக்கோணும். அப்ப அவன் கையி எந்தப் பக்கமாவது சாயுமா? எது நல்ல இடம், எது மட்டமான இடம்னு கேள்வியே வராது. உன்ற படத்தைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துது ஏன்னா, மாட்டுக்குள்ளயும் மேலத்தெரு கீழத்தெரு பிரிச்சு வெச்சிருக்கறான் பாரு, அதுதான். மராத்தி தேசத்துல சாகு பாடோளேன்னு ஒருத்தரு அவங்க வளவு அடுப்படியை முச்சூடும் ஒரு புஸ்தகமா எழுதீட்டாரு, 2015ல. ரத்தப் பொரியலு, உப்புக்கண்டம், எல்லாம். நம்ம உப்புக்கண்டத்துக்கு அவங்க 'சான்யா'ங்கறாங்க. அன்னம் பூரண பிரம்மம்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்களாம். இவரு குறும்புக்கு 'அன்னம் அபூர்ண பிரம்மம்'னு தலைப்பு வெச்சிருக்கறாரு. பேத்தி படிச்சுச் சொல்லையில நான் மூணு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னன்.

உங்கூட்டை நான் குத்தம் சொல்லல. உங்கப்பாரு தங்கமான மனுசன். சாகற வரைக்கும் எருதைக் கட்டி வெக்க முடியாதுன்னு, கிழடானதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டுவாரு. துண்டுக்கு அடியில தரகன் வெரலைப் புடிச்சு வெல பேசி, பணத்தை மடியில கட்டிக்கிட்டு, "எங்கியோ போயி நல்லா இருக்கட்டும்"னு கண்ணைத் தொடச்சுக்குவாரு. நல்லாத்தான் இருந்துது, பாலக்காட்டுல தேங்காக்கொத்துப் போட்டு. அந்தப் பணந்தான் அடுத்த சோடி எருதுக்கு முன்பணம். 2017 மே மாசத்துல டெல்லிக்காரங்க, சந்தையில கறிக்குன்னு மாடு விக்கக்கூடாதுன்னு விதி போட்டாங்களே, அப்ப மொதல்ல கையைப் பிசைஞ்சது மாட்டுக்காரன்தான், கறிக்காரன் இல்ல. ஒரு வாரத்துக்குள்ள மதுரை ஹைகோர்ட்டு தடை போட்டுது, ஜூலையில சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தடையை நாடு முச்சூடுக்கும் ஆக்குச்சு. சந்தை இன்னைக்கும் செவ்வாயும் வியாழனும் கூடுது.

எட்டா? ஏழா? நீ எண்ணவே இல்ல, எனக்குத் தெரியும். எட்டுன்னு வெச்சுக்கோ.

காலும் வாலும் பாக்கி. அது ஞாயித்துக்கிழமைக்காரனுக்கு. காலைத் தீயில வாட்டி, மயிரைச் சொரண்டி, குளம்பைத் தட்டி எடுத்து, கடைக்காரரையே நாலாப் பொளந்து தரச் சொல்லு. நீ பொளக்கப் போனீன்னாக் கீழ் ஊட்டுக்காரன் பூகம்பம்னு ஓடுவான். சனிக்கிழமை பொழுதோட அடுப்புல வெச்சா ஞாயித்துக்கிழமை வெடியால ரெண்டு ஒதடும் ஒட்டிக்கற மாதிரி பாயா வரும். வாலுல கணுக்கணுவா எலும்பு, ஒவ்வொரு கணுவைச் சுத்தியும் கொஞ்சம் சதை, உள்ள மஜ்ஜை. அந்தக் காலத்துல வாலைக் கேட்டாக் கடைக்காரரு இனாமாப் போடுவாரு. இப்பப் பெரிய ஓட்டலுல சூப்புன்னு பீங்கான் கோப்பையில குடுத்து, நம்ம ஒரு நாள் கூலியைக் கேக்கறாங்களாம். ஒண்ணு, ஈரலு, குண்டிக்காயி, மண்ணீரலு எல்லாம் நாக்குக்கு நல்லது, மூட்டுக்கு ஆகாது. யூரிக் ஆசிட்டு இருக்கறவன் தின்னா ராத்திரியோட ராத்திரியாக் கட்டைவெரலு கத்தரிக்காயாட்ட வீங்கிரும். அதனாலதான் நான் செருப்புப் போடாம உக்காந்திருக்கறன், பக்தின்னு நெனச்சிட்டியா?

சமைக்க முடியலீன்னா வாங்கித் தின்னு, யாரு வேண்டாங்கறா. இந்தச் சரவணம்பட்டியில கேரளாப் பசங்க படிக்க வந்ததுல இருந்து பொரோட்டாவும் பீஃப் வறுவலும் சந்துக்குச் சந்து கெடைக்குது. உடையாம்பாளையத்துல 2025 ஜனவரியில, தள்ளுவண்டியில பீஃப் பிரியாணி வித்த புருசன் பொண்டாட்டிகிட்ட, இங்க மாட்டுக்கறி விக்கக்கூடாதுன்னு ஒருத்தரு வந்து மிரட்டுனாரு. அது படமா ஊரெல்லாம் ஓடி, போலீசு கேசு போட்டுது. நானும் அந்தப் படத்தைப் பாத்தன். அந்தப் பொம்பளை பதில் பேசுன பேச்சைக் கேட்டியா? பத்து விசிலு வெந்த பேச்சு.

இதா, உன்ற ஃபோன் அடிக்குது. அம்மாவா? எடு, பேசு. சாப்புட்டியான்னுதான் கேப்பாங்க. என்ன சொன்ன, பனீரா? பனீருன்னா சொன்ன? அட, குக்கரைப் பாரு, சரியாப் பேசற நேரத்துல கத்துது. என்ன சத்தம்னு கேக்கறாங்களா? பருப்பு வேகுதுன்னு சொல்லு. எங்க இருக்கறன்னு கேட்டாத் தாத்தா ஊட்டுலன்னு சொல்லு, எந்தத் தாத்தான்னு அவங்க கேக்கறதுக்கு முந்தி வெச்சுரு. இதா, அடுத்ததும் அடிச்சுது. பதினோரு விசிலு கேக்கற பருப்பு எந்தக் கடையில கெடைக்குதுன்னு உங்கம்மா கேட்டா, என்ற பேரை மட்டும் இழுத்துராத கண்ணு.

அம்மிணி, வட்டலை எடு. தம்பிக்கு நெஞ்சுக்கறி போடு. அவன் வாங்கிட்டு வந்தது எனக்கு.